ஆராயாத வாழ்க்கை வாழத் தகுந்ததல்ல என்றால், என் அம்மாவின் வாழ்க்கை?

வடக்குரதவீதி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் தத்துவம் படித்தவன் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு இரும்புக் கடையில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மகள் கல்லூரியில் விருப்பப் பாடமாகத் தத்துவ அறிமுகம் எடுத்திருக்கிறாள். போன வாரம் அவள் மேசையில் வைத்துவிட்டுப் போன புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பாடத்திலேயே சாக்ரடீஸ் சொன்னதாக ஒரு வரி: ஆராயாத வாழ்க்கை மனிதன் வாழத் தகுந்ததல்ல.

நாலு நாளாக அந்த வரி என்னை விடவில்லை. அம்மாவுக்கு 78 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஒன்றரை வருடமாகக் கட்டிலோடு இருக்கிறார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அப்பா இறந்த பிறகு 31 வருடம் வீட்டுத் திண்ணையில் இட்லி விற்று எங்கள் மூன்று பேரையும் ஆளாக்கினார். விடிகாலை மூன்றரைக்கு அடுப்பு பற்றவைப்பார். ராத்திரி மாவாட்டி முடிக்க ஒன்பது தாண்டிவிடும். உட்கார்ந்து வாழ்க்கையை ஆராய அவருக்கு எங்கே நேரம் இருந்தது?

வம்புக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். சாக்ரடீஸ் சொன்னபடி பார்த்தால் அம்மா வாழ்ந்தது எந்தப் பக்கம் சேரும்? நல்ல வாழ்க்கை என்பது படித்தவர்களுக்கு மட்டும்தானா? தத்துவத்தை எங்கிருந்து தொடங்கினால் இதற்குப் பதில் கிடைக்கும்?

பழைய_கரும்பலகை

தம்பி, நல்ல கேள்வி. அந்த வரியைத் தனியாகப் பிய்த்து எடுத்துப் போடுவதால்தான் இப்படிக் குத்துகிறது. அது எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள்.

கி.மு. 399, ஏதென்ஸ். சாக்ரடீஸுக்கு 70 வயது. நகரம் ஏற்ற தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று வழக்கு. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தவர்கள் சுமார் 500 பேர், எல்லோரும் சாதாரணக் குடிமக்கள். குற்றவாளி என்று முடிவாகிவிட்டது. வெறும் 30 ஓட்டு மாறி விழுந்திருந்தால் தப்பியிருப்பேன் என்று அவரே சொல்கிறார். அந்த ஊர்ச் சட்டப்படி அடுத்து அவர் தனக்கு ஒரு மாற்றுத் தண்டனையை முன்மொழியலாம். "எங்கேயாவது போய் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள், அது என்னால் முடியாது, தினமும் அறத்தைப் பற்றிப் பேசுவதும் என்னையும் மற்றவர்களையும் சோதித்துப் பார்ப்பதும்தான் மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய நன்மை என்கிறார். அதை ஒட்டித்தான் அந்த வரி வருகிறது. வாயை மூடச் சொன்னவர்களுக்கு ஒரு கிழவர் கொடுத்த பதில் அது. ஊரில் இருக்கிறவர்களுக்கு மார்க் போட அவர் அதைச் சொல்லவில்லை.

இன்னொன்று. ஆராய்தல் என்று நாம் சொல்லும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், படை அணிவகுத்து நிற்கும்போது ஒவ்வொருவராகப் பார்வையிடுவதற்கும் புழங்கிய சொல். உங்கள் தொழிலில் வரவு செலவைத் திரும்ப ஒருமுறை சரிபார்க்கிறீர்களே, கிட்டத்தட்ட அதுதான். அதற்குப் புத்தகம் வேண்டியதில்லை. சாக்ரடீஸே ஒரு வரி எழுதியதில்லை. அதே உரையில் அரசியல்வாதிகள், கவிஞர்கள், கைவினைஞர்கள் என்று எல்லோரிடமும் போய்ப் பேசிப் பார்த்ததைச் சொல்கிறார். கைவினைஞர்களுக்கு உண்மையிலேயே நிறைய நல்ல விஷயங்கள் தெரிந்திருந்தன என்று ஒத்துக்கொள்கிறார். தொழில் தெரிந்ததால் மற்றதெல்லாமும் தெரியும் என்று நினைத்ததுதான் அவர்களிடம் அவர் கண்ட குறை.

எங்கிருந்து தொடங்குவது என்றால், அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய அந்த நீதிமன்ற உரையிலிருந்தே தொடங்குங்கள். சின்னது, கலைச்சொல் எதுவும் கிடையாது.

தெற்குக்கரை

நான் எபிக்டீட்டஸ் என்ற பழைய தத்துவவாதியைச் சொல்வேன். மூன்று வருடம் முன்பு வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது என்னைத் தூக்கி நிறுத்தியது அவருடைய சின்னக் கையேடுதான். முதல் பக்கத்திலேயே விஷயத்துக்கு வந்துவிடுவார். சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன, சில இல்லை. நம் எண்ணம், விருப்பம், வெறுப்பு இவையெல்லாம் நம் கையில். உடம்பு, சொத்து, பதவி, ஊரார் நம்மைப் பற்றிப் பேசுவது இவை நம் கையில் இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் துன்பம்.

இதை எழுதிவைத்தது அவருடைய மாணவர் அரியன். எபிக்டீட்டஸ் எதுவும் எழுதவில்லை. பிறவி அடிமை, கால் ஊனம். பிறகு விடுதலை கிடைத்து ரோமில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, டொமிஷியன் என்ற பேரரசன் தத்துவவாதிகளை எல்லாம் நகரத்தைவிட்டுத் துரத்தினான். இவர் கிரேக்கத்தில் நிக்கோபோலிஸ் என்ற ஊருக்குப் போய் மறுபடியும் பள்ளி தொடங்கினார். உங்கள் அம்மாவும் அப்படித்தானே? கணவர் போனது அவர் கையில் இல்லை, அடுப்பு பற்றவைத்தது அவர் கையில் இருந்தது. இந்தச் சிந்தனை வழிக்கு உள்ள ஸ்டோயிக் என்ற பெயர் தெரியாமலே அப்படி வாழ்ந்திருக்கிறார்.

இரவுப்பணி

முதலில் ஒரு கேள்வி. அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறீர்களா? குதிகால், பிட்டம், முதுகின் அடிப்பக்கம் இந்த இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்து, விரல் வைத்து அழுத்தி எடுத்தாலும் சிவப்பு போகாமல் இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். நான் செவிலியர், 14 வருடமாக வார்டில் இருக்கிறேன்.

அப்புறம், தெற்குக்கரை அண்ணா சொன்னதில் எனக்கு ஒரு வருத்தம். ஒரு பெண் 31 வருடம் தாங்கிக்கொண்டார் என்றவுடன் "அவர் ஒரு தத்துவவாதி" என்று சொல்லிவிடுகிறோம். கேட்க அழகாக இருக்கிறது. வேறு வழியே இல்லாததால் தாங்கிக்கொண்டாரா, விரும்பித்தான் அப்படி வாழ்ந்தாரா? இதை யாராவது அவரிடம் கேட்டிருக்கிறோமா?

மார்த்தா நுஸ்பாம் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 2000இல் எழுதிய புத்தகத்தில் திருவனந்தபுரத்தில் செங்கல் சுமந்த ஜெயம்மா என்ற பெண்ணைப் பற்றி எழுதுகிறார். ஆண்கள் அடுத்த நிலை வேலை பழகிக் கூடுதல் கூலிக்குப் போய்விடுவார்கள். பெண்கள் கடைசிவரை சுமந்துகொண்டே இருப்பார்கள். ஜெயம்மா அதைப் பெரிய அநியாயம் என்று பேசியதில்லை, உலகம் அப்படித்தான் என்று இருந்துவிட்டார். அவர் குறை சொல்லவில்லை என்பதால் குறை இல்லை என்று ஆகிவிடுமா? கிடைத்ததற்கு ஏற்ப ஆசையைச் சுருக்கிக்கொள்ள மனிதர்கள் பழகிவிடுகிறார்கள். அதனால் "திருப்தியாக இருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டால் போதாது என்று பொருளாதார அறிஞர் அமர்த்திய சென்னும் நுஸ்பாமும் சொல்கிறார்கள். அவரால் என்ன செய்ய முடிந்தது, என்னவாக இருக்க முடிந்தது என்று கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

என் வார்டில் வயதான அம்மாக்களைத் தினமும் பார்க்கிறேன். "எனக்கென்ன குறை" என்று சொல்லிக்கொண்டே கையை விடாமல் பிடித்திருப்பார்கள்.

தெற்குக்கரை

@இரவுப்பணி தங்கச்சி சொல்வது சரி, அவரைக் கேட்காமல் நான் பெயர் வைத்திருக்கக் கூடாது. ஆனால் எபிக்டீட்டஸ் அநியாயத்துக்குத் தலையாட்டச் சொன்னவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஓரிடத்தில், வெந்நீர் கேட்டபோது அடிமை வெதுவெதுப்பாகக் கொண்டுவந்துவிட்டான் என்று கோபப்படுகிறவனைப் பார்த்து, அவனும் உன்னைப் போலவே கடவுளின் பிள்ளை, உன் சகோதரனைப் பொறுத்துக்கொள்ள மாட்டாயா என்று கேட்கிறார். தான் தாங்கிக்கொள்வது வேறு, அடுத்தவனைத் தாங்கவைப்பது வேறு. என் பதிவில் இரண்டும் கலந்துவிட்டது.

மூன்றாமாண்டு

நான் தத்துவ மாணவி, உங்கள் மகள் வயதுதான் இருக்கும். அங்கிள், உங்கள் கேள்விக்குப் பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டிலிடம் கிட்டத்தட்ட நேரடியாகவே ஒரு பதில் இருக்கிறது.

அவர் பேசும் 'யூடைமோனியா'வை மகிழ்ச்சி என்று மொழிபெயர்த்தால் ஏமாந்துவிடுவோம். அது ஒரு உணர்ச்சி இல்லை. ஒரு வாழ்க்கை முழுக்க நன்றாகச் செயல்படுவது. ஒரு தகைவிலான் குருவி வந்தால் வசந்தம் வந்ததாகிவிடாது, ஒரு நாளில் ஒருவர் நல்வாழ்வு பெற்றவராகவும் ஆகிவிட மாட்டார் என்பது அவர் சொன்னது. நற்பண்பும் படித்து வருவதில்லை. வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம், யாழ் வாசித்து வாசித்துத்தான் இசைஞர் ஆகிறோம், நியாயமாக நடந்து நடந்துதான் நியாயமானவர் ஆகிறோம்.

'நிக்கோமக்கிய அறவியல்' என்ற தன் நூலின் ஆறாம் புத்தகத்தில் இன்னொன்று சொல்கிறார். அனுபவசாலிகளும் மூத்தவர்களும் நிரூபணம் இல்லாமல் சொல்வதை, நிரூபிக்கப்பட்டதற்குக் குறையாமல் மதிக்க வேண்டும், ஏனென்றால் அனுபவம் அவர்களுக்குச் சரியாகப் பார்க்கும் கண்ணைக் கொடுத்திருக்கிறது. எந்த நேரத்தில், யாரிடம், எவ்வளவு என்று தெரிந்து நடக்கும் அறிவு அது. கடன் சொல்லிச் சாப்பிடுகிற ஒருவரிடம் என்றைக்குக் கேட்கலாம், என்றைக்குக் கேட்கக் கூடாது என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லித்தராது இல்லையா?

பழைய_கரும்பலகை

அருமையாகச் சொன்னாய் அம்மா. ஆனால் அரிஸ்டாட்டிலை முழுதாகக் காட்டிவிடுவோம். அதே மனிதர் 'அரசியல்' என்ற தன் நூலின் முதல் புத்தகத்தில், அடிமைக்கு ஆலோசிக்கும் திறனே கிடையாது, பெண்ணுக்கு இருந்தாலும் அதற்கு அதிகாரம் இல்லை என்று எழுதினார். தம்பியின் அம்மா அவருடைய பள்ளி வாசலுக்கு வந்திருந்தால் மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருப்பார். அவர் கொடுத்த அளவுகோல் நமக்கு வேண்டும், அவர் எழுப்பிய சுவர் வேண்டாம். 30 வருடம் வகுப்பில் நின்றபோதும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எபிகூரஸ் என்ற இன்னொரு கிரேக்கத் தத்துவவாதி இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஏதென்ஸில் அவர் நடத்திய தோட்டப் பள்ளியில் பெண்களும் அடிமைகளும் சேர்ந்திருந்தார்கள். கி.மு. 270 வாக்கில் இறக்கும்போது எழுதிய உயிலில் மிஸ் என்ற அடிமையையும் வேறு சிலரையும் விடுதலை செய்தார். இன்பவாதி என்று பெயர் வாங்கியவர் சாப்பிட்டது ரொட்டியும் தண்ணீரும்தான். ஒரு நண்பரிடம், ஒரு சின்னச் சட்டியில் பாலாடைக்கட்டி அனுப்பி வை, விருந்து சாப்பிடத் தோன்றும்போது சாப்பிடுவேன் என்று கேட்டிருக்கிறார். மெனோசியஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தை அவர் தொடங்குவது இப்படி: இளைஞன் தத்துவத்தைத் தள்ளிப்போட வேண்டாம், முதியவன் அதில் சலிக்கவும் வேண்டாம், மனநலத்தைத் தேட வயது முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை.

அம்மாவுக்கு 78 தானே ஆகிறது? கேள்வியை அவரிடமே கொண்டுபோங்கள்.

மேகலைவாசி

கிரேக்கத்திலேயே சுற்றுகிறோம், எனக்கு இங்கே மணிமேகலை ஞாபகம் வருகிறது. தமிழில் தத்துவ அறிமுகம் வேண்டும் என்பவர்கள் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையை ஒருமுறை படியுங்கள். வஞ்சி நகரில் அளவைவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி என்று வெவ்வேறு சமயத்தவர் ஒவ்வொருவரிடமும் மணிமேகலை போய், உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கண்ணால் காண்பது மட்டும்தான் உண்மை என்ற பூதவாதியிடம், உன் தாய் தந்தை இவர்தான் என்பதை அனுமானத்தால், அதாவது ஊகித்து அறிவதால், அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே உறுத்துவது அதற்கு முன்னால் வருகிற ஒரு செய்தி. நீ இளம்பெண், யாரும் உனக்கு உண்மைப் பொருளைச் சொல்ல மாட்டார்கள், வேறு உருவம் எடுத்துக்கொள் என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. அவள் ஒரு ஆண் துறவியின் வடிவில்தான் அத்தனை கேள்வியையும் கேட்கிறாள். பிளேட்டோவின் பள்ளியில் படித்த அக்ஸியோதியா என்ற பெண்ணும் ஆண் உடையில் வந்தாள் என்று பழைய குறிப்பு உண்டு. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நிபந்தனை! இரவுப்பணி அக்கா கேட்டது எவ்வளவு பழைய கேள்வி பாருங்கள்.

வடக்குரதவீதி

எல்லோருக்கும் நன்றி. முதலில் அக்காவுக்குப் பதில்: பகலில் மனைவி, இரவில் நான் என்று முறை வைத்துப் புரட்டிப் படுக்கவைக்கிறோம். நீங்கள் சொன்ன பிறகு குதிகாலைப் பார்த்தேன், லேசாகச் சிவந்திருந்தது. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்திருக்கிறேன்.

சரிபார்த்தல் என்று ஐயா சொன்னதிலிருந்து ஒரு காட்சி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். அம்மா மாவாட்டி, உப்புப் போட்டுக் கையால் கரைத்து, குண்டானைத் தட்டால் மூடி மேலே அம்மிக் குழவியை வைப்பார். பிறகு வாசற்படியில் உட்காருவார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கடன் குறித்து வைத்திருப்பார், அதை மடியில் வைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசுவார். கடன் கணக்குப் பார்க்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் பக்கத்தில் படுத்திருந்தபோது காதில் விழுந்தது. "பால்காரப் பயகிட்ட நாலு பேரு முன்னாடி பாக்கியக் கேட்டுப்புட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மூஞ்சி சுண்டிப்போச்சு." மறுநாள் காலை அந்தப் பையன் வந்ததும் அவனைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டு என்னவோ சொன்னார். இலையில் ஒரு இட்லி கூட விழுந்தது. அதற்குப் பிறகு யாரிடமும் கூட்டத்தில் வைத்து அவர் பாக்கி கேட்டு நான் பார்த்ததில்லை.

இதுவும் அந்த ஆராய்தலில் சேருமா?

மூன்றாமாண்டு

அங்கிள், படித்தவுடன் கண் கலங்கிவிட்டது. செனெகா என்ற ரோமானியத் தத்துவவாதி கோபத்தைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இதே காட்சி இருக்கிறது. விளக்கை எடுத்துப் போன பிறகு, தன் பழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்றைய நாளை முழுக்கத் தன் முன்னால் வைத்துப் பார்ப்பாராம். எதையும் தன்னிடம் மறைப்பதில்லையாம். அந்த விவாதத்தில் தேவைக்கு மேல் சண்டை போட்டாய், அவனைத் திருத்துவதற்குப் பதிலாகப் புண்படுத்திவிட்டாய் என்று தன்னிடமே சொல்லிக்கொள்வாராம். செனெகா பேரரசனின் ஆசிரியர், ரோமின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். உங்கள் அம்மா மடியில் காலண்டர் தாள். செய்தது ஒரே காரியம்.

இரவுப்பணி

சேரும் தம்பி. கேள்வியே இல்லை. ஆனாலும் நான் கேட்டது அப்படியே இருக்கிறது. அவரிடம் கேட்டீர்களா?

வடக்குரதவீதி

நேற்று ராத்திரி கேட்டேன் அக்கா. கால் பிடித்துக்கொண்டே, "வேற மாதிரி வாழ்ந்திருக்கலாம்னு எப்பயாச்சும் தோணியிருக்காம்மா?" என்றேன். ரொம்ப நேரம் பதில் இல்லை, தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு சொன்னார்.

"பெரிய டீச்சரம்மா வீட்டுக்குத் தினம் இட்லி குடுக்கப் போவேன்ல. அங்க பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லித் தருவாங்க. தூக்குவாளி திரும்பி வர்ற வரைக்கும் வாசல்ல நிப்பேன். சில நாளு வாளி வந்தப்புறமும் நிப்பேன். எக்ஸ்னு ஒண்ணு சொல்வாங்க. அது என்னன்னு கடைசி வரைக்கும் தெரியலடா."

எனக்குப் பேச வரவில்லை. நான் கணக்கெழுதியே பிழைக்கிறவன். இந்த 22 வருடத்தில் ஒருநாள் நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கலாம். நான் கேட்டதே இல்லை. நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி அக்கா, அவர் நன்றாகவும் வாழ்ந்திருக்கிறார், அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமலும் போயிருக்கிறது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மூடக் கூடாது.

மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்லேட்டைத் தேடி எடுத்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "ஆச்சி, நீ 50 இட்லி அவிச்ச. நாலு பேரு ஆளுக்கு ஒரே அளவு சாப்பிட்டாங்க. மிச்சம் 26. ஒருத்தர் எத்தனை சாப்பிட்டார்னு தெரியாதுல்ல, அந்தத் தெரியாததுக்குப் பேருதான் எக்ஸ்." அம்மா கொஞ்சம் கூட யோசிக்காமல் ஆறு என்றார். "இதுக்கா பேரு வச்சாங்க?" என்று கேட்டுவிட்டு இன்னொன்று போடச் சொன்னார். மணி பதினொன்று வரை நடந்தது.

பழைய_கரும்பலகை

தம்பி, இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழையைப் பத்திரப்படுத்தி வைக்கிறேன். அந்த நீதிமன்ற உரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அது காதால் கேட்பதற்கென்றே பேசப்பட்டது.

வடக்குரதவீதி

ஐந்து நாளாக வாசிக்கிறோம், இரவு எட்டரைக்கு. மகள் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள், நான் கால் பிடிப்பேன். அரசியல்வாதிகளுக்கு எதுவும் தெரியவில்லை என்ற இடத்தில் அம்மா தலையாட்டினார். நேற்று, எனக்கு மூன்று மகன்கள், ஒருவன் வாலிபன், இரண்டு பேர் சிறுவர்கள், ஆனால் அவர்களை இங்கே அழவைத்து உங்களிடம் கருணை கேட்க மாட்டேன் என்று சாக்ரடீஸ் சொல்லும் இடம் வந்தது. அம்மா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"மூணு பிள்ளைங்களா? மூணையும் விட்டுட்டா சாகப் போறாரு? பெத்தா கடைசி வரைக்கும் பாக்கணும்ல. இல்லாட்டி பெத்திருக்கக் கூடாது."

மகள் என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது ஐயா?

பழைய_கரும்பலகை

நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை தம்பி. மரண தண்டனை விதித்துச் சாக்ரடீஸைச் சிறையில் வைத்த பிறகு, ஒரு நாள் விடியும் முன்னே, அவர் தப்பிக்க எல்லா ஏற்பாடும் செய்துவிட்டுச் சாக்ரடீஸின் சிறுவயதுத் தோழர் கிரிட்டோ பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்பது கிட்டத்தட்ட இதே வார்த்தைதான்: ஒன்று, பிள்ளை பெறக் கூடாது, பெற்றால் வளர்த்துப் படிக்கவைக்கும் பாட்டைக் கடைசிவரை கூட இருந்து பட வேண்டும். அந்த உரையாடலுக்கு 'கிரிட்டோ' என்றே பெயர். அடுத்து அதை எடுங்கள்.

வடக்குரதவீதி

காலையில் பல் துலக்கிவிடும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அந்த ஆளு கேட்டது நியாயந்தானே. இவரு என்ன பதில் சொன்னாரு?" என்றார். ராத்திரி வாசிப்போம் என்றேன். மத்தியானம் கடைக்குப் போன் செய்து, எட்டரை வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும், ஏழு மணிக்கே வந்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார். முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.